கறிவேப்பிலையில் தொடங்கும் வண்ணத்துப்பூச்சித் தோட்டம்

வீட்டுத் தோட்டத்துக்கு வண்ணத்துப்பூச்சிகள் வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள், பெரும்பாலும் நாற்றுப் பண்ணைக்குப் போய்க் கண்ணைப் பறிக்கும் பூச்செடிகளாகப் பார்த்து வாங்கி வருகிறார்கள். பூவைத் தேடி வரும் பூச்சி தேனைக் குடித்துவிட்டுப் பறந்துவிடும். அது அங்கேயே முட்டையிட்டுப் பெருக வேண்டுமானால், அதன் புழு தின்னும் செடி அங்கே இருந்தாக வேண்டும். ஒவ்வோர் இனத்தின் புழுவும் குறிப்பிட்ட சில தாவரங்களின் இலையை மட்டுமே தின்னும் என்பதால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் பூச்செடிக்கு முன்னால் புழுவுக்கான செடியை நட வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

முதல் படி: புழுவுக்கான செடி

தமிழ்நாட்டின் சமவெளியில் இதற்குக் கறிவேப்பிலையைவிட எளிய தொடக்கம் இல்லை. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்று ஆர்வலர்கள் அழைக்கும் இரண்டு வண்ணத்துப்பூச்சிகளும் கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை ஆகியவற்றின் கொழுந்துகளில் முட்டையிடுகின்றன. நாளில் ஐந்து மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் இரண்டு கறிவேப்பிலைச் செடிகளை வையுங்கள். ஒன்று அடுப்படிக்கு, மற்றொன்று புழுக்களுக்கு. ஒரே செடி இருக்கும் வீட்டில், தாளிப்புக்கு இலை கிள்ளும்போது முட்டையும் சேர்ந்து போய்விடும்.

இடம் இருந்தால் வேலியோரத்தில் ஓர் எருக்கஞ்செடியை விட்டு வையுங்கள். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அதன் இலையைத் தின்று, அதிலுள்ள நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தீண்டத் தயங்குகின்றன. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடும் பாதிப்பு ஏற்படும் என்பதால், குழந்தைகள் விளையாடும் இடத்தில் மட்டும் அது வேண்டாம்.

இரண்டாம் படி: தேனும் ஈரமும்

இட்லிப்பூ, செம்பருத்தி, நித்தியகல்யாணி ஆகியவை போதும். அடுக்கு இதழ் கொண்ட வகைகளில் பூச்சியின் உறிஞ்சுகுழல் தேனை எட்டுவது கடினம். ஒற்றை அடுக்குப் பூக்களையே தேர்ந்தெடுங்கள். தரையோடு படரும் தாத்தாப்பூவைக் களை என்று பிடுங்கிவிடாதீர்கள், சிறிய இனங்கள் பலவும் அதைத்தான் நாடுகின்றன. உன்னிச்செடிக்கு வண்ணத்துப்பூச்சிகள் திரளாக வரும் என்பது உண்மையே. ஆனால் அதன் பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைப் பரப்ப, காடுகளில் அது புதராக மண்டி மற்றச் செடிகளை அமுக்கிவிடுகிறது. அதை நடாதீர்கள்.

ஒரு பழைய மண்தட்டில் மணலைப் பரப்பி, ஒரு சிட்டிகை உப்பிட்டு, எப்போதும் ஈரமாக வைத்திருங்கள். உப்புச்சத்தை உறிஞ்சுவதற்காக, பெரும்பாலும் ஆண் பூச்சிகள், அங்கே வந்து அமரும்.

மூன்றாம் படி: புழுவை அடையாளம் காணுதல்

ஒரு பூச்சி பூவைப் பொருட்படுத்தாமல் கறிவேப்பிலைக் கொழுந்தைச் சுற்றிப் படபடத்து, ஓர் இலையைக் காலால் தொட்டு விலகி, மறுபடியும் வந்து தொட்டால், அது முட்டையிட வந்த பெண். காலால் சுவைத்துத்தான் அது செடியை உறுதி செய்துகொள்கிறது. அது போன பிறகு அருகில் சென்று பார்த்தால், கடுகைவிடச் சிறியதாக, வெளிர்மஞ்சள் மணி போன்ற முட்டை ஒன்று இலையில் ஒட்டியிருப்பதைக் காணலாம். மூன்று நான்கு நாள்களில் வெளிவரும் புழு முதலில் தன் முட்டை ஓட்டையே தின்னும்.

இந்தப் புழு தொடக்கத்தில் பழுப்பும் வெள்ளையுமாக, அசல் பறவை எச்சம் போலவே இருக்கும். பலர் இதை அருவருத்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான்கு முறை தோலுரித்த பிறகு அது இலைப்பச்சை நிறத்துக்கு மாறும். அப்போது மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவையாகப் பிளந்த ஓர் உறுப்பை வெளியே நீட்டி, காட்டமான வாடையை வீசும். எதிரியை விரட்டும் உத்தி அது. நமக்குக் கெடுதல் இல்லை.

கடைசிப் பருவத்தில்தான் புழு மிகுதியாகத் தின்னும். சிறிய செடி மொட்டையாகிவிட்டால், புழு இருக்கும் ஈர்க்கை அப்படியே நறுக்கி மற்றொரு கறிவேப்பிலைச் செடியின் இலைகளுக்கிடையே செருகுங்கள், அது தானாக ஏறிக்கொள்ளும். விரலால் பிய்த்தெடுத்தால் கால்கள் காயப்படும். மொட்டையான செடியைப் பற்றிக் கவலை வேண்டாம். நன்கு வேர் பிடித்த கறிவேப்பிலை நீரும் எருவும் கிடைத்தால் மறுபடியும் துளிர்த்துவிடும்.

நான்காம் படி: மருந்தை நிறுத்துதல்

இயற்கை மருந்துதானே என்று நம்பி, கொழுந்தில் மொய்த்துச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்காக நான் ஒருமுறை வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்தேன். அடுத்த சில நாள்களில், அதே செடியில் இருந்த ஏழு புழுக்களும் தின்பதை நிறுத்திச் சுருங்கி விழுந்தன. வேம்பும் புழுவைக் கொல்லும். அசுவினி வந்தால் அந்தக் கொழுந்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கடையில் வாங்கிய செடியில் மருந்து அடித்திருக்கலாம் என்பதால், பழைய இலைகளைக் கழித்து, புதுத் துளிர் வரும்வரை அதில் புழுக்களை விடாதீர்கள். பல்லி, குளவி, பறவை ஆகியவற்றுக்கு ஒரு பங்கு போகத்தான் செய்யும். அவற்றை விரட்ட வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: கூட்டுப்புழுவைக் காத்தல்

முழு வளர்ச்சி அடைந்த புழு சில வேளைகளில் செடியை விட்டு இறங்கி, சன்னல் விளிம்பு, கொடிக்கம்பம், சுவர் மூலை என்று எங்காவது போய்க் கூட்டுப்புழுவாகும். மின்கம்பத்தில் ஏறியவர் இடுப்புக் கயிற்றில் சாய்ந்து நிற்பதுபோல, ஒரு பட்டிழை தாங்க அது சாய்ந்து நிற்கும். நிறம் சுற்றுப்புறத்துக்கேற்பப் பச்சையாகவோ பழுப்பாகவோ இருப்பதால் எளிதில் கண்ணில் படாது. பொங்கலுக்கு ஒட்டடை அடித்து வெள்ளையடிக்கும்போது இப்படி எத்தனையோ கூடுகள் துடைப்பத்தோடு போய்விடுகின்றன. சுவரில் கை வைக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏறக்குறைய பத்து நாள்களில் கூடு கருத்து, உள்ளே இறக்கையின் வடிவம் தெரியத் தொடங்கினால், அடுத்த நாள் காலையிலேயே பூச்சி வெளிவந்துவிடக்கூடும். அப்போது கீழே சொட்டும் செந்நிற நீரைக் குருதி என்று எண்ணிப் பதற வேண்டாம், அது கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. கசங்கிய ஈர இறக்கைகள் விரிந்து உலர ஓரிரு மணி நேரம் ஆகும். அதுவரை தொடாமல், காற்று பலமாக அடித்தால் ஓர் அட்டையை மட்டும் மறைப்பாக நிறுத்தி வையுங்கள்.