ஓடும்போது முட்டி வலித்தால் யாரிடம் காட்டுவது?

மூன்று கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியாது. நாலாவதில் வலது முட்டிச்சில்லுக்குப் பின்னால் மெதுவாக ஒரு குடைச்சல் ஆரம்பிக்கும். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். ரெண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முதல் நாலு அடி நொண்டல். எனக்கு இப்படித்தான் இருந்தது. யாரிடம் முதலில் போவது என்று தெரியாமல் ஐந்து மாதம் வீணாக்கினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வலிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. கால் பிசகி 'டப்'பென்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால். முட்டி பாதியில் சிக்கி நீட்ட முடியாமல் போனால். நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால். முட்டி சூடாகிச் சிவந்து காய்ச்சலும் வந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படித்தான், அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். எலும்பில் விரல் வைத்தால் ஒரே புள்ளியில் வலி, ராத்திரி படுத்தாலும் வலி என்றால் எலும்பில் நுண்விரிசலா என்று பார்க்க வேண்டும். ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

இதெல்லாம் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய வலி என்றால் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள். அடங்கவில்லையா, அப்போது விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் அல்லது விளையாட்டு மருத்துவர். அறுவை செய்யும் எலும்பு மருத்துவரிடம் முதலில் ஓட வேண்டியதில்லை. நான் அங்கேதான் ஓடினேன். அவர் முட்டியைத் தொடவே இல்லை. ஸ்கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஜவ்வில் லேசாகத் தேய்மானம், ஓட்டத்தை விட்டுடுங்க" என்றார். இரண்டு நிமிடம். வலியே இல்லாத, என் வயதுக்காரர்கள் பலரின் ஸ்கேனிலும் இப்படிக் கிழிசலும் தேய்மானமும் தெரியும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்து ஒரு இடத்தில் பன்னிரண்டு நாள் கரண்ட் வைத்தார்கள். படுத்துக்கொண்டால் போதும், சுகமாக இருக்கும். வலி அன்றைக்குக் குறையும், ஓடினால் திரும்பிவிடும். தசைக்கு வேலையே கொடுக்காத சிகிச்சையில் வேறென்ன நடக்கும்?

மூன்றாவதாக நான் போன பிசியோதெரபிஸ்ட் முதல் இருபது நிமிடம் கேள்விதான் கேட்டார். வலி வருவதற்கு முந்தைய மாதம் வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர்? நல்லவேளை, குறிப்பேடு கையில் இருந்தது. 18 கிலோமீட்டரிலிருந்து மூன்றே வாரத்தில் 32. போதாததற்கு ஒரு மேட்டுப் பாதை வேறு. அதைப் படித்துக் காட்டும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் இருபது சென்டிமீட்டர் உயரப் படியில் நிற்கச் சொல்லி, இடது குதிகாலை மட்டும் மெதுவாகத் தரையில் தொட்டு எடுக்கச் சொன்னார். செல்போனில் படமெடுத்துக் காட்டினார். ஒவ்வொரு முறையும் வலது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது, இடுப்பும் ஒரு பக்கம் இறங்கியது. பிறகு இடுப்பை மடக்கித் திருப்பிப் பார்த்தார். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் வலி முட்டியில் தெரியுமாம். ஷூவைப் பார்த்தார், ஆனால் குறை சொல்லவில்லை. (ஷூவை மாற்றச் சொல்லி எனக்கு அறிவுரை சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.)

அதனால் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசி ஆறு வார ஓட்டக் கணக்கு, வலி எத்தனையாவது கிலோமீட்டரில் வருகிறது, சரியாக எந்த இடம். இடத்தை ஒரு விரலால் காட்டப் பழகுங்கள். வெளிப்பக்கம் என்றால் இடுப்பிலிருந்து இறங்கும் பட்டைத் திசு காரணமாக இருக்கலாம். சில்லுக்கு நேர் கீழே என்றால், சில்லைக் கீழ்க்கால் எலும்போடு இணைக்கும் தசைநாண். சில்லைச் சுற்றியோ பின்னாலோ என்றால் என்னுடையது மாதிரி. பழைய ஷூவும் அரை டவுசரும் எடுத்துப் போங்கள். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு முட்டியைக் காட்ட முடியாது.

அங்கே நீங்களும் கேளுங்கள். எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? வீட்டில் என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு வலியோடு ஓடலாம்? ஸ்கேன் எடுக்கச் சொன்னால், அதில் என்ன வந்தால் சிகிச்சை மாறும் என்று கேளுங்கள். மாறாது என்றால் இப்போதைக்கு அது வேண்டாம். முதல் நாளே முழுத் தொகுப்பாகப் பதினைந்து முறை வரச் சொல்பவரிடம் நான் திரும்பிப் போக மாட்டேன்.

எனக்குக் கிடைத்தது தொடைக்கும் இடுப்புக்கும் மூன்று பயிற்சிகள், வாரம் மூன்று நாள். கூடவே நிமிடத்துக்கு 158 காலடியாக இருந்த என் ஓட்டத்தை, அதே வேகத்தில் 168 ஆக்கச் சொன்னார். காலடி சின்னதானால் முட்டியில் இறங்கும் பாரமும் குறையும். பத்துக்கு மூன்று வரை வலி பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழையபடி ஆகிவிட வேண்டும் என்பது அவர் வைத்த கணக்கு. ஆறு வாரத்தில் துளியும் மாற்றம் இல்லையென்றால் விளையாட்டு மருத்துவரிடம் தானே அனுப்புவதாகவும் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அனுப்ப வேண்டி வரவில்லை. ஐந்தாம் வாரம் படி இறங்கிக்கொண்டிருந்தபோதுதான், கைப்பிடியைப் பிடிக்காமல் பாதி தூரம் வந்துவிட்டதைக் கவனித்தேன்.