கபடித் தடுப்பாட்டக்காரர்களைப் புள்ளிவிவரம் கொண்டு வரிசைப்படுத்துவது எப்படி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, தொண்டி முதல் வாலிநோக்கம் வரையிலான இராமநாதபுரக் கடற்கரை ஊர்களில் கபடியைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. சிறந்த ரைடர் யார் என்பதில் பெரும்பாலும் சண்டை வருவதில்லை. அவருடைய புள்ளிகள் எல்லார் கண்ணுக்கும் தெரிகின்றன. சிறந்த கேட்சர், அதாவது ரைடரைப் பிடிக்கும் தடுப்பாட்டக்காரர், யார் என்பதில்தான் கமிட்டிக்காரர்கள் கூட ஒத்துப்போவதில்லை. புரோ கபடி லீக் ஆட்டங்களின் காணொளிகளைப் பார்த்தோ, நம் ஊர்ப் போட்டியைக் கைப்பேசியில் பதிவு செய்தோ, ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் இந்த வழக்கை ஓரளவுக்கு நியாயமாகத் தீர்க்கலாம்.

தொலைக்காட்சியில் காட்டப்படும் மொத்த டேக்கிள் புள்ளிகளை, அதாவது ரைடரைப் பிடித்து எடுத்த புள்ளிகளை, அப்படியே எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. யு.பி. யோதா அணியின் நிதேஷ் குமார் புரோ கபடி லீக்கின் 6ஆவது சீசனில் 100 டேக்கிள் புள்ளிகள் எடுத்து, ஒரே சீசனில் அந்த எண்ணைத் தொட்ட முதல் தடுப்பாட்டக்காரர் ஆனார். அது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால், மொத்தக் கணக்கு அதிக ஆட்டம் ஆடியவருக்குச் சாதகமானது; எத்தனை முறை பாய்ந்து கோட்டைவிட்டார் என்பதை அது சொல்லாது. இன்னொரு சிக்கலும் உண்டு. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் சூப்பர் டேக்கிள் என்று 2 புள்ளிகள் கிடைக்கின்றன. ஆகவே அடிக்கடி ஆள் இழந்து தவிக்கும் பலவீனமான அணியின் தடுப்பாட்டக்காரருக்கு, ஏழு பேரும் நிற்கும் பலமான அணிக்காரரைவிட இரட்டைப் புள்ளி வாய்ப்பு கூடுதலாக அமைகிறது.

எனவே, ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுக்காமல், அவர் களத்தில் நின்றபோது எதிரணி வந்த ரைடுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தில் யாரையும் பிடிக்க முடியாது. ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு வரி ஒதுக்கி, களத்தில் நின்ற ஆட்கள் எத்தனை, முதலில் பிடித்தவர் யார், துணைக்கு வந்து அடைத்தவர் யார், முடிவு என்ன, எதிரணிக்கு எத்தனை புள்ளி போயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். துணைக்கு வந்தவரின் பெயரை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். கார்னர் (ஓரத்தில் நிற்பவர்) கணுக்காலைப் பிடித்தாலும், கவர் (அவருக்கு உள்ளே நிற்பவர்) வந்து மோதி அடைக்காவிட்டால் ரைடர் நடுக்கோட்டை எட்டிவிடுவார்; ஆனால் புள்ளி ஒருவர் பெயரில்தான் ஏறுகிறது. துணைக்கு நான் அரைப் புள்ளி தருவேன்.

இனி, எந்தப் பிடி எவ்வளவு மதிப்பு என்பதற்கு வருவோம். சாதாரண நிலையில் பிடி வெற்றி பெற்றால் அணிக்கு 1, தோற்றால் எதிரணிக்குக் குறைந்தது 1. சும்மா நின்று ரைடரைத் திருப்பி அனுப்பினால் இரு பக்கமும் சுழியம். ஆகவே பாதிக்குக் குறைவாக வெற்றி பெறுகிறவர், பாயாமல் நின்றிருந்தாலே அணிக்கு நல்லது என்றாகிறது. மூன்று பேர் நிற்கும்போது வெற்றிக்கு 2, தோல்விக்கு 1 என்பதால், மூன்றில் ஒன்று வென்றாலே கணக்கு சரியாகிவிடும். அங்கே துணிச்சலுக்கு இடமுண்டு. கடைசி ஆளாக நிற்பவர் தோற்றாலோ அந்த 1 புள்ளியோடு ஆல் அவுட்டின் (அணி முழுவதும் வெளியேறுவதன்) 2 புள்ளிகளும் சேர்ந்து எதிரணிக்கு 3 போகிறது. அவர் ஐந்தில் மூன்று முறையாவது வென்றால்தான் நட்டமில்லை. ஒரே சூப்பர் டேக்கிள், மூன்று பேர் நிற்கும்போது ஒன்றாகவும் தனியாளுக்கு வேறொன்றாகவும் இருப்பதை எந்தப் பட்டியலும் காட்டுவதில்லை.

தொடர்ந்து இரண்டு ரைடுகள் புள்ளியில்லாமல் போனபின் வரும் டூ ஆர் டை ரைடில் ரைடர் வெறுங்கையோடு திரும்பினாலே நமக்கு 1 புள்ளி வந்துவிடுகிறது. அங்கே அவசரப்பட்டு முன்னே பாய்ந்து தோற்றவர், வரவிருந்த புள்ளியையும் கெடுத்து, எதிரணிக்கும் ஒன்று கொடுத்தார் என்பதால் நான் 2 கழிக்கிறேன். சங்கிலி போட்டு இரண்டு மூன்று பேராகத் தொடுபட்டால் போன மொத்தத்தையும் பிடியைத் தொடங்கியவர் கணக்கிலேயே எழுதுவேன். இது கடுமை என்று சிலர் சொல்லலாம்; தொடங்கியவர்தான் நேரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது என் வாதம். பிடிக்கவே முயலாமல் ரைடரின் கையோ காலோ பட்டு வெளியேறுவதைத் தனியாக எழுதுங்கள். அது காலடி பின்வாங்கும் பழக்கத்தின் குறை.

இந்தக் கூட்டல் கழித்தல்களின் மொத்தத்தை எதிர்கொண்ட ரைடுகளால் வகுத்து 100ஆல் பெருக்கினால், நூறு ரைடுக்கான நிகர மதிப்பு கிடைக்கும். தரவரிசைக்கு அடிப்படை இதுவே.

குறைந்த ஆட்டங்களில் மின்னியவரைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. 10 முயற்சியில் 7 பிடித்தவருக்கு 70 விழுக்காடு; 120 முயற்சியில் 72 பிடித்தவருக்கு 60. முதலாமவரைத் தலையில் தூக்கி வைப்பதற்கு முன், இருவருக்குமே சராசரி ஆட்டக்காரர் ஒருவரின் கணக்காக 20 முயற்சியும் 10 வெற்றியும் சேர்த்துப் பாருங்கள். முதலாமவர் 30க்கு 17, அதாவது ஏறக்குறைய 57 விழுக்காடு. இரண்டாமவர் 140க்கு 82, ஏறக்குறைய 59. வரிசை மாறிவிட்டது. முயற்சிகள் பெருகப் பெருக இந்தக் கடன் எண்களின் தாக்கம் தானாகவே கரைந்துபோகும்.

கார்னர்களையும் கவர்களையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள்; ரைடரின் கால் நீளும் இடமும் அவர்கள் பிடிக்கும் பிடியும் வேறு. எதிரணியின் முதன்மை ரைடரை எதிர்கொண்ட ரைடுகளைத் தனி நிறத்தில் குறித்தால், மாற்று ஆட்டக்காரர்களிடம் மட்டும் புள்ளி சேர்த்தவர் யார் என்பது தெரிந்துவிடும். மேட் (mat) விரிப்பில் ஆடிய கணக்கையும் நம் ஊர் மண் தரையில் ஆடிய கணக்கையும் கலக்கவே கூடாது. மண்ணில் ரைடரின் கால் வழுக்கித் தந்த பிடியும், மேட் விரிப்பில் காலணியின் பிடிப்போடு திரும்பும் ரைடரைச் சாய்த்த பிடியும் ஒரே தரம் ஆகாது.