ஜெர்மனிக்குப் புதுசா? முதலில் அந்த ஸ்பாஞ்சைக் கவனியுங்கள்

படிக்க வந்து நாலு பேரோடு 'வேகே'யில், அதாவது பகிர்வு வீட்டில், அறை எடுத்திருப்பீர்கள். தாளிக்கிற வாசனைக்குத்தான் முதல் சண்டை வரும் என்று பயந்துகொண்டு வந்தேன், ஆனால் வந்தது சிங்க் ஓரத்தில் கிடந்த ஸ்பாஞ்சுக்கு.

ஊரில் தேங்காய் நாரோ பச்சை ஸ்கிரப்பரோ, தேய்த்து முடித்துக் கல்லில் வீசினால் மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். இங்கே நவம்பரில் வெயிலை எங்கே தேடுவது? ஸ்பாஞ்சு மறுநாளும் ஈரமாகவே இருக்கும், சோற்றுப் பசையும் சாம்பார்ப் பருப்பும் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், மூன்றாம் நாள் சரியாகக் காயாத துணி மாதிரி ஒரு நாற்றம். மாதிரி என்ன, இரண்டிலும் நாறுவது பெரும்பாலும் ஒரே பாக்டீரியாதான், மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ்.

எளிய வழி மைக்ரோவேவ். சோப்பு போட்டு நன்றாக அலசி, தண்ணீர் சொட்டச் சொட்ட வைத்து ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டுங்கள், ஆறிய பிறகு எடுங்கள். கம்பி கலந்த ஸ்கிரப்பர் கூடவே கூடாது. ஈரம் முக்கியம்: நான் ஒருமுறை காய்ந்த ஸ்பாஞ்சை வைத்துவிட்டு டீ போடப் போனேன், புகை அலாரம் அலறி எல்லாரும் படியில் நின்றோம். மைக்ரோவேவ் இல்லையென்றால் பழைய பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள்.

வினிகர் வாங்கப் போனால் 'எஸிக் எசென்ஸ்' என்ற பாட்டிலும் கண்ணில் படும். அது 25 சதவீத அமிலம், அப்படியே ஊற்றாதீர்கள். ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்தால் சாதாரண 5 சதவீத வினிகர் ஆகிவிடும். அதில் ஊறவைத்தால் நாற்றம் குறையும், தண்ணீரின் உப்புப் படிவும் போகும், ஆனால் கிருமி எல்லாம் செத்துவிட்டது என்று நம்பாதீர்கள். நம் ஆப்ப சோடா இங்கே 'நாட்ரோன்', கேக் சாமான் அடுக்கில் இருக்கும், எண்ணெய்ப் பிசுக்குக்கு நல்லது. இரண்டையும் சேர்த்து நுரை பொங்க வைக்கும் வீடியோக்களை விட்டுவிடுங்கள், ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மிஞ்சுவது உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றுதான். பிளீச்சோடு மட்டும் வினிகரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

இவ்வளவு சொன்னாலும், இதே நாட்டில் ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வீடுகளில் பயன்படுத்திய 14 ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்ததில் 362 வகை பாக்டீரியா கிடைத்தது. அடிக்கடி சுத்தம் செய்கிறோம் என்றவர்களின் ஸ்பாஞ்சிலும் குறைவாக இல்லை. வாரம் ஒன்று மாற்றுங்கள் என்பதுதான் அவர்கள் யோசனை, நானும் இப்போது அப்படித்தான், வேகவைப்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தை ஓட்டுவதற்கு. தினமும் ஒட்டப் பிழிந்து, குளிர்காலத்தில் ஹீட்டர் பக்கம் நிறுத்தி வைப்பதே பாதி வேலை. பச்சைக் கோழி பட்ட பலகையை ஸ்பாஞ்சால் தொடாதீர்கள், கிச்சன் பேப்பரால் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவுங்கள்.

பழையது 'ரெஸ்ட்முல்', அதாவது மறுசுழற்சிக்குப் போகாத மீதிக் குப்பைத் தொட்டிக்குப் போகும், மஞ்சள் தொட்டி பேக்கிங்குகளுக்கு. அப்புறம், ஸ்பாஞ்சில் மஞ்சள் கறை போகவில்லையென்று தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தால் தானாக வெளுக்கும். அதுவரை யாராவது முகம் சுளித்தால் 'குர்க்குமா' என்று சொல்லுங்கள், மஞ்சளுக்கு இங்கே அதுதான் பெயர்.