மோட்டார் ஹேண்ட்பீஸும் ஏரோட்டர் பழக்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் கிளினிக்கில் கீச்சென்று ஒலிக்கும் ஏரோட்டரை எல்லோருக்கும் தெரியும். 1957இல் அமெரிக்காவின் ஜான் போர்டன் சந்தைக்குக் கொண்டுவந்த கருவி அது. கம்ப்ரசர் காற்று கருவியின் தலைக்குள் இருக்கும் குட்டி விசிறியைச் சுழற்ற, பல்லை வெட்டும் முனையான பர் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கும் மேல் ஓடும். அதில் ஒரு பலவீனம் உண்டு. கொஞ்சம் அழுத்தினால் வேகம் விழும், சத்தம் மாறும். இன்னும் அழுத்தினால் நின்றே போகும். பேரிங் தேய்ந்தாலும் இதே கதைதான். கருவி தன் குறையைத் தானே சொல்லிவிடும்.

மின்சார மோட்டாரில் ஓடும் ஹேண்ட்பீஸ் (கையில் பிடித்துப் பல்லை வெட்டும் கருவி) அப்படிச் சொல்லாது. வேகம் குறைவதாகத் தெரிந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி கூடுதல் மின்சாரத்தை அனுப்பி வேகத்தை நிலைநிறுத்தும். ஏரோட்டரின் திறன் சுமார் 20 வாட் என்றால், இது 60 வாட் வரை போகும். பல்லுக்கு உறையாகப் போட்ட பழைய உலோக கிரவுனை அறுக்கும்போது இந்த பலம் அருமையாகத் தெரியும். ஏரோட்டருக்குப் பழகிய கையோடு இதைப் பிடிப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவையும் இந்த ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன.

முதலாவது, வேகத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வது. மோட்டார் 40,000 சுற்றுதானே, ஏரோட்டரைவிட மெதுவாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சிவப்பு வளையம் போட்ட கான்ட்ரா ஆங்கிளுக்குள் (மோட்டாரின் முனையில் மாட்டும் வளைந்த ஹேண்ட்பீஸ்) இருக்கும் பற்சக்கரங்கள் அதை ஐந்து மடங்காக்கி 2 லட்சமாக்குகின்றன. ஏரோட்டரின் 3 லட்சம் வெறுமனே சுற்றும்போது மட்டும்தான். பல்லில் பட்டதும் அது வெகுவாகக் குறைந்துவிடும். மோட்டாரின் 2 லட்சம் அப்படியே நிற்கும். அதனால் ஏரோட்டரில் அழுத்திய அளவுக்கு இங்கே அழுத்தத் தேவையே இல்லை. அழுத்தினால் பர் நிற்காது, பல்தான் சூடாகும்.

நீல வளையத்துக்கு வேகம் மாறாது, பச்சை வளையம் வேகத்தைக் குறைக்கும். எதை மாட்டியிருக்கிறோமோ அந்த விகிதத்தைப் பெட்டியிலும் தேர்ந்தெடுக்க வேண்டும். இம்ப்ளான்ட் (செயற்கைப் பல் வேர்) போடும்போது வேகத்தை இருபதில் ஒரு பங்காக்கும் 20:1 மாட்டிவிட்டுத் திரையில் வேறு விகிதம் இருந்தால், காட்டும் வேகமும் திருப்புவிசையும் இரண்டுமே பொய். சிவப்பு வளையத்தில் நீளமான, தடிமனான பர்களைத் தவிர்க்கவும். பொதுவாக 25 மி.மீ. நீளம், 2 மி.மீ. விட்டம்தான் எல்லை. அதற்கு மேல் போனால் பர் வளையும், சில சமயம் பறக்கும்.

இப்போது விபத்துகளுக்கே காரணமான விஷயத்துக்கு வருவோம். 2007 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. சரியாகப் பராமரிக்காத மின்சார ஹேண்ட்பீஸ்களால் நோயாளிகளுக்குத் தீக்காயம் ஏற்பட்டிருந்தது. சிலருக்கு மூன்றாம் நிலைக் காயம், பிளாஸ்டிக் சர்ஜரி வரை போனது. பேரிங் தேய்ந்த ஏரோட்டர் திணறி நின்றிருக்கும். மோட்டாரோ தேய்மானத்தையும் ஒரு சுமையாக எடுத்துக்கொண்டு கூடுதல் மின்சாரம் கேட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சக்தி முழுக்கத் தலைப்பகுதியில் சூடாக மாறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைப்பகுதி 10 கிராம் எஃகு, உராய்வில் 10 வாட் வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 2 டிகிரி ஏறும். 30 டிகிரியில் தொடங்கினால் கால் நிமிடத்தில் 60 டிகிரி! தண்ணீர் கொண்டுபோகும் சூட்டைக் கழித்தாலும் கன்னத்தின் உட்புறம் பொசுங்க அது தாராளம். இதில் இரண்டு பேருக்குமே சூடு தெரியாது. நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசி போட்டிருக்கிறது. டாக்டரின் விரல் தலைப்பகுதியில் இல்லை, பின்னால் கருவியின் குளிர்ந்த உடலில் இருக்கிறது.

தலையின் முதுகில் பர் மாற்றும் புஷ் பட்டன் இருக்கிறதே, அதுவும் இதில் கூட்டாளி. பின்பற்களில் வேலை செய்யும்போது ஹேண்ட்பீஸாலேயே கன்னத்தை ஒதுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பட்டன் அழுந்தினால் அதன் உட்புறம், பரைப் பிடித்தபடி சுழலும் சக்கோடு உரசும், கிடுகிடுவென்று சூடேறும். புதுக் கருவியிலும் இது நடக்கும். கன்னத்தை ஒதுக்கக் கண்ணாடி இருக்கிறது, அசிஸ்டன்ட் இருக்கிறார். ஹேண்ட்பீஸுக்கு அந்த வேலை வேண்டாம். நோயாளி உட்காருவதற்கு முன் அரை நிமிடம் வெறுமனே ஓட்டி, நிறுத்திவிட்டு, தலையைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. சூடு, அதிர்வு, புதுச் சத்தம், இதில் எது இருந்தாலும் அன்றைக்கு அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

நம்மூரில் ஞானப்பல் அறுவை சிகிச்சையை மைக்ரோமோட்டாரும் (சிறிய மின்மோட்டார்) வளைவில்லாத ஸ்ட்ரெயிட் ஹேண்ட்பீஸும் வைத்தே செய்பவர்கள் அதிகம். அது நீளமான கருவி, வாயோரத்தில் உதட்டின் மேல் சாய்ந்தே கிடக்கும். கீழ்த்தாடைக்குப் போட்ட ஊசியில் அந்தப் பக்க உதடும் மரத்திருப்பதால், சுட்டது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியவரும். எலும்புக்கும் ஒரு வரம்பு உண்டு. 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே பாதிப்பு வரும் என்று எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் 1983இல் காட்டினார்கள். எனவே சூட்டைத் தணிக்க சிரிஞ்சில் சலைன் விடுபவர் நடுவில் நிறுத்தினால் வெட்டுபவரும் நிறுத்த வேண்டும். ஸ்ப்ரேயில் காற்று வரும் சிவப்பு வளையத்தைத் திறந்த காயத்தில் நுழைப்பதும் கூடாது. காற்று திசுவுக்குள் புகுந்து முகம் வீங்கிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் இரண்டு விதமான தவறுகள். ஒன்று, போடாமலே விடுவது. கான்ட்ரா ஆங்கிளில் பற்சக்கரங்கள் இருப்பதால் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும், ஆட்டோகிளேவுக்கு (நீராவியில் கிருமி நீக்கும் பெட்டி) முன், எண்ணெய் அடிக்க வேண்டும். தலை வழியாக அழுக்கில்லாத எண்ணெய் வரும்வரை அடிப்பதுதான் அளவு. இன்னொன்று, அடித்த கையோடு மோட்டாரில் மாட்டிவிடுவது. மிச்ச எண்ணெய் பின்பக்கமாக மோட்டாருக்குள் இறங்கும். நம் வீட்டு மிக்ஸியில் இருப்பது போன்ற கார்பன் பிரஷ் உள்ள மோட்டாராக இருந்தால், கார்பன் தூளும் எண்ணெயும் கலந்து கருஞ்சேறாகிவிடும். தலை மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்து எண்ணெயை வடியவிட்டு, துடைத்துவிட்டு, அப்புறம் மாட்டுங்கள். மோட்டாருக்குள் எண்ணெய் விடச் சொல்லி அதன் கையேட்டில் இருந்தால் ஒழிய விடக்கூடாது. அதேபோல, 135 டிகிரி வரை தாங்கும் என்ற குறி இல்லாத மோட்டாரை ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள்.

ஸ்ப்ரேயில் தண்ணீர் நிமிடத்துக்கு 50 மில்லியாவது வர வேண்டும். ஒரு அளவு கிளாஸைப் பிடித்தால் முடிந்தது சோதனை. ஆனாலும் பல இடங்களில் யாரும் செய்வதில்லை. 1965இல் சாக், கோஹென் இருவரும் குரங்குகளின் பற்களில் செய்த ஆய்வில், பல்லின் உள்ளே 5.5 டிகிரி சூடு ஏறியபோது 15 சதவீதப் பற்களின் கூழ் (பல்லுக்குள் இருக்கும் உயிர்த்திசு) பிழைக்கவில்லை. மூன்று நான்கு ஸ்ப்ரே துளைகளில் ஒன்று அடைத்தாலும் பரின் ஒரு பக்கம் காய்ந்துபோகும். அடைப்பை எடுக்கக் கருவியோடு வரும் மெல்லிய கம்பியை மேசை டிராயரில் தொலைத்துவிட வேண்டாம்.

வாங்கும்போது பெரும்பாலோர் கேட்பது, எங்கள் மோட்டாரில் மாட்டுமா என்றுதான். ஐ.எஸ்.ஓ. 3964 என்ற சர்வதேச இணைப்பு அளவில் இருந்தால் கம்பெனி எதுவானாலும் பெரும்பாலும் மாட்டும். கேட்க மறப்பது சர்வீஸைப் பற்றி. ஏரோட்டரில் சுழலும் உள்பகுதியான கார்ட்ரிட்ஜை கிளினிக்கிலேயே ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். கான்ட்ரா ஆங்கிளின் பற்சக்கரத்தையும் பேரிங்கையும் மாற்றப் பழகிய கை வேண்டும். அனுப்பினால் திரும்பிவரப் பல நாள் ஆகலாம். கைவசம் இன்னொன்று இல்லாத கிளினிக்கில், தேய்ந்த பேரிங்கோடு "இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்" என்று ஓட்டுவார்கள். அதனால் முதல் பில்லிலேயே சிவப்பு வளையம் இரண்டாக வாங்கிவிடுங்கள்.