ஒரே எழுத்துத் துண்டு வரும் இங்கிலீஷ் சொற்களைக் குடும்பமாகப் படிப்பது எப்படி?

பேங்க் பரீட்சைக்குப் படித்தபோது ஒரு சொற்பட்டியலை ஏ-இல் தொடங்கி வரிசையாக மனப்பாடம் செய்தேன். சி-க்கு வருவதற்குள் ஏ-இல் படித்ததில் பாதி போயிருந்தது. திரும்பப் படித்தேன், திரும்பவும் போனது. ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாத சொற்களை அடுக்கினால் எதைப் பிடித்துக்கொண்டு எதை நினைவுக்குக் கொண்டுவருவது?

எனக்கு வழி காட்டியது மாத்தூர் தொட்டிப்பாலம். கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டார் பக்கம் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் நிற்கிறதே, 1966-இல் கட்டியது, அதுதான். கீழே ஆறு, மேலே தூண்களின் தலையில் தொட்டி, தொட்டிக்குள் பாசனத் தண்ணீர். பிளஸ் டூ படிக்கிற சித்தி மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இதற்கு இங்கிலீஷில் அக்வடக்ட் என்று சொன்னதும் கேட்டாள்: "அண்ணே, அக்வான்னா வெள்ளம், சரி. டக்டுன்னா என்னவாக்கும்?" (எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர்.)

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி தேடிப் பார்த்தேன். அதிலிருந்து வந்த முறைதான் இது.

படி 1: துண்டைத் தேர்ந்தெடுங்கள்

பல சொற்களில் சேர்ந்தே வருகிற மூன்று முதல் ஐந்து எழுத்துகளாக எடுங்கள். நான் எடுத்தது அந்த டக்ட், அதாவது டி-யு-சி-டி. ஐ-என்-ஜி போன்றவை வேண்டாம், அவை எந்த வினைச்சொல்லின் வாலிலும் ஒட்டும், அர்த்தம் கிடைக்காது. பிறகு ஒன்லுக் என்ற சொல் தேடும் தளத்துக்குப் போய், முன்னால் ஒரு நட்சத்திரக் குறி, நடுவில் அந்த எழுத்துகள், பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் அந்தத் துண்டு உள்ள சொற்கள் வந்து விழும். அத்தனையையும் எழுத வேண்டாம். ஏற்கெனவே காதில் விழுந்த சொற்கள் ஏழெட்டு போதும்.

படி 2: நோட்டில் எழுதுங்கள்

கோடு போடாத லாங் சைஸ் நோட்டு, ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம், பென்சில். செல்போனில் அட்டை அட்டையாகக் காட்டும் ஆப்கள் எனக்குப் பிடிக்கவில்லை, கூட்டமாக இருக்க வேண்டிய சொற்களை அவை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகின்றன. பென்சில் எதற்கு என்பது நான்காம் படியில் தெரியும்.

படி 3: வேருக்குத் தமிழில் ஒரு துணை தேடுங்கள்

டக்ட் என்பது இலத்தீனில் வழிநடத்து, இட்டுச்செல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. அக்வடக்ட் என்றால் தண்ணீரை நடத்திக் கொண்டுபோவது. வயடக்ட் என்றால் பாதையையே பள்ளத்துக்கு மேலாகக் கொண்டுபோகும் பாலம். இதுவரை எல்லாரும் சொல்வார்கள். நான் இதோடு நிற்காமல் தமிழில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

பஸ் கண்டக்டருக்குத் தமிழில் என்ன? நடத்துநர். பள்ளிக்கூடம் முடிக்கும்போது வாங்கும் கண்டக்ட் சர்டிபிகேட்? நன்னடத்தைச் சான்றிதழ். இங்கிலீஷில் ஒரே துண்டு, தமிழிலும் ஒரே 'நட'. செம்புக் கம்பி மின்சாரத்துக்குக் கண்டக்டர், தமிழில் மின்கடத்தி. அப்டக்ட் என்றால் ஆளைக் கடத்துவது, இங்கே இரண்டிலும் 'கடத்து'. இதைப் பார்த்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தனித்தனியாக நான்கு சொல் என்று உருப்போட்டதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த தமிழுக்குள்ளேயே இருந்தது.

மற்றவற்றையும் இப்படியே சேர்த்தேன். டிடக்ட் என்றால் கழித்து எடுப்பது, சம்பளச் சீட்டில் வரிப் பிடித்தத்தைக் குறிக்கும் டிடிஎஸ்-இல் நடு எழுத்து இதுதான். ப்ராடக்ட் என்றால் முன்னால் கொண்டுவரப்பட்டது, உற்பத்திப் பொருள். இன்டக்ஷன் என்றால் உள்ளே நடத்துவது, புதிதாக வேலையில் சேர்ந்தவரை உள்ளே அழைத்துக்கொள்வதற்கும் அதே பெயர், பாத்திரத்துக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடாக்கும் அடுப்புக்கும் அதே பெயர். டக்டைல் என்றால் கம்பியாக இழுக்க வருவது, தங்கம் மாதிரி.

வினைச்சொல்லாக வரும்போது பல இடங்களில் கடைசி டி போய் இ வந்துவிடும். ப்ரொட்யூஸ், ரெட்யூஸ், இன்ட்ரட்யூஸ் எல்லாம் டி-யு-சி-இ. பெயர்ச்சொல் ஆகும்போது அந்த டி திரும்ப வரும்: ப்ரொடக்ஷன், ரிடக்ஷன், இன்ட்ரடக்ஷன். இதைக் கவனித்தால் ஒரு சொல்லுக்கு இரண்டு கிடைக்கும்.

படி 4: உள்ளே புகுந்த அந்நியரைப் பிடியுங்கள்

நான் ஒரு வாரம் தடுமாறிய இடம் இது, அவசரப்படாமல் படியுங்கள்.

இரண்டாவது குடும்பமாக பி-ஓ-ஆர்-டி எடுத்தேன். நம்ம குளச்சல் ஒரு போர்ட், துறைமுகம். அதனால் எக்ஸ்போர்ட் என்றால் துறைமுகத்துக்கு வெளியே அனுப்புவது, இம்போர்ட் என்றால் துறைமுகத்துக்குள் வருவது என்று எழுதிவிட்டேன். அர்த்தம் பொருந்துகிற மாதிரி இருந்ததால் சந்தேகமே வரவில்லை. பிறகு ரிப்போர்ட், சப்போர்ட் வந்தன. ரிப்போர்ட்டில் எங்கே துறைமுகம்? அங்கேதான் நின்றேன்.

விஷயம் என்னவென்றால் இலத்தீனில் இதற்கு மூன்று சொற்கள் இருக்கின்றன. துறைமுகத்துக்கு ஒன்று, சுமப்பதற்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று. இங்கிலீஷுக்கு வரும்போது மூன்றும் ஒரே நான்கு எழுத்தாகிவிட்டன. எக்ஸ்போர்ட், இம்போர்ட், ட்ரான்ஸ்போர்ட், போர்ட்டபிள் எல்லாம் சுமப்பது. ரிப்போர்ட் என்றால் செய்தியைத் திரும்பச் சுமந்து வருவது, சப்போர்ட் என்றால் கீழிருந்து தாங்குவது. ஏர்போர்ட் துறைமுகம். ஆப்பர்ச்சுனிட்டியும் துறைமுகம்தான், கப்பலைத் துறையை நோக்கித் தள்ளும் காற்றைச் சொன்ன சொல்லிலிருந்து வந்தது. அந்தக் காற்று அடிக்கும் நேரம்தான் வாய்ப்பு, கடலுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். போர்ட்டல் என்றால் வாசல். போர்ட்டர் என்ற சொல்லில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குபவர் சுமப்பதில் வந்தவர், ஹோட்டல் வாசலில் நிற்பவர் வாசலில் வந்தவர்.

இவை தவிர போர்ட்ரெயிட், போர்ஷன் இரண்டும் வெறும் அந்நியர்கள். போர்ட்ரெயிட் 'வெளியே இழுத்துக் காட்டு' என்ற வேறொரு வேரிலிருந்து வந்தது, போர்ஷன் என்றால் பங்கு. எழுத்து மட்டும்தான் ஒற்றுமை.

தோவாளைச் சந்தையில் கட்டுகிற மாலையும் சாயங்கால மாலையும் ஒரே எழுத்துதானே, ஒரே சொல் என்று நாம் நினைக்கிறோமா? இங்கிலீஷிலும் அதே கவனம் வேண்டும்.

அதனால் ஒவ்வொரு சொல்லையும் எட்டிம்ஆன்லைன் தளத்திலோ மெரியம் வெப்ஸ்டரிலோ ஒரு தடவை சரிபாருங்கள், பிறந்த கதையை இரண்டு வரியில் சொல்லிவிடும். குடும்பம் மாறினால் பென்சிலை அழித்துவிட்டு வேறு பக்கத்துக்கு மாற்றுங்கள். பி-இ-டி எடுப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பெடல், பெடஸ்ட்ரியன் இரண்டும் கால், பீடியாட்ரிஷியன் குழந்தை மருத்துவர், அது கிரேக்கத்தில் குழந்தை என்ற சொல்.

பின்சேர்க்கை: படித்துவிட்டு ஒருவர், டிடக்ஷன் என்றால் கழித்தல் என்று போட்டுத் தனக்கு மதிப்பெண் போனதாக எழுதியிருந்தார். நியாயமான சிக்கல். அந்தப் பெயர்ச்சொல்லுக்கு இரண்டு வினைகள் உண்டு. டிடக்ட் என்றால் கழி, டிட்யூஸ் என்றால் தடயங்களை வைத்து முடிவுக்கு வா. சம்பளம் பற்றிய வாக்கியமா, துப்பறியும் வாக்கியமா என்று பார்த்துப் போடுங்கள்.

இன்னொருவர் அக்வடக்டில் நடுவில் ஏ போட்டு எழுதியிருந்தார். அக்வேரியத்தில் ஏ, அக்வடக்டில் இ. 'தண்ணீரின்' என்ற இலத்தீன் உருபு அந்த இ-யாக நிற்கிறது.

அடுத்து நீங்களே எஸ்-பி-இ-சி-டி எடுத்துப் பாருங்கள், பார்ப்பது என்று பொருள்: இன்ஸ்பெக்டர், ஸ்பெக்டேட்டர், ரெஸ்பெக்ட், சஸ்பெக்ட். எக்ஸ்பெக்டும் இதே குடும்பம், எதிர்பார்ப்பது, தமிழிலும் அதற்குள் 'பார்' இருக்கிறது. ஆனால் எழுதும்போது எஸ் வராது, முன்னால் உள்ள எக்ஸ் எழுத்தின் ஒலியிலேயே அந்த ஸ் அடங்கிவிடுகிறது.