ஆர்ஏ வந்துவிட்டால் என் பேச்சைக் கேட்காதீர்கள்

விமானக் கட்டுப்பாட்டு அறையில் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது காட்பாடியில் இருக்கிறேன். குடியாத்தம், ஆம்பூர் பக்கத்திலிருந்து பைலட் படிப்புக்குப் போகும் பிள்ளைகள் தவறாமல் கேட்பது இதுதான்: "சார், டிகாஸ் ஏறச் சொல்லுது, கன்ட்ரோலர் இறங்கச் சொல்றார். யார் பேச்சைக் கேக்கறது?" எதிர் விமானத்தோடு மோதாமல் இருக்க விமானத்திலேயே வைத்திருக்கும் எச்சரிக்கைக் கருவியான டிகாஸ் பேச்சைத்தான். மைக்கில் நானே இருந்தாலும் அப்படித்தான்.

முதலில் "டிராஃபிக், டிராஃபிக்" என்று வருவது டிஏ, பக்கத்தில் விமானம் இருக்கிறது என்ற வெறும் எச்சரிக்கை. அதற்காக விமானத்தை ஏற்றவோ இறக்கவோ கூடாது. கையைக் கன்ட்ரோலில் வைத்துத் தயாராக இருங்கள். "கிளைம்ப், கிளைம்ப்" என்றால் ஆர்ஏ, மோதலைத் தவிர்க்க டிகாஸ் தரும் கட்டளை. 5 நொடிக்குள் விமானம் அதற்குக் கட்டுப்பட ஆரம்பித்திருக்க வேண்டும். பெரும்பாலான விமானங்களில் ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டு, ஏற்ற இறக்க வேகம் காட்டும் முள்ளைச் சிவப்பிலிருந்து பச்சைக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துங்கள். பயத்தில் பச்சையைத் தாண்டி இழுத்தால், மேலே 1,000 அடியில் போகிறவனோடு புதுப் பிரச்சினை. நடுவில் சொல் மாறி "டிசென்ட் நவ்" என்று வந்தால் இரண்டரை நொடிதான் அவகாசம்.

கன்ட்ரோலரிடம் "டிகாஸ் ஆர்ஏ" என்றால் போதும். "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்" வரும்வரை உங்கள் பாதையை மாற்ற அவர் முயலக் கூடாது. அது அவருக்கான விதி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? ரேடார் ஆன்டெனா ஒரு சுற்று சுற்றிவரச் சில நொடிகள் ஆகும். டிகாஸ் நொடிக்கொரு முறை எதிர் விமானத்தை விசாரிக்கிறது. அதைவிட முக்கியம், இரண்டு டிகாஸும் தங்களுக்குள் பேசி, ஒன்று ஏற, மற்றது இறங்க என்று முடிவு செய்துகொள்கின்றன. அந்த ஒப்பந்தம் தெரியாமல்தான் கன்ட்ரோலர் பேசுகிறார். ஒருவர் கேட்டு மற்றவர் கேட்காவிட்டால், டிகாஸே இல்லாததைவிட மோசம்.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் மேலே அதுதான் நடந்தது. ரஷ்ய டுப்போலெவ்-154க்கு டிகாஸ் ஏறச் சொன்னது, கன்ட்ரோலர் இறங்கச் சொன்னார்; இறங்கினார்கள். எதிரே வந்த சரக்கு போயிங் 757 தன் டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் போய்விட்டார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அன்றிரவு அந்த கன்ட்ரோலர் தனியாளாக இரண்டு இடத்து வேலையைப் பார்த்தார். நேரடித் தொலைபேசி இணைப்பும் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானில் இரண்டு விமானங்கள் மயிரிழையில் தப்பியதும் இதே குழப்பத்தில்தான். 2003 நவம்பரில் சர்வதேச விதியை ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ இன்னும் தெளிவாக்கியது: ஆர்ஏக்கு எதிராக ஒருபோதும் போகாதே.

"எதிர் விமானம் கண்ணுக்குத் தெரியுது" என்று ஆர்ஏயை ஒதுக்காதீர்கள். நீங்கள் பார்ப்பது வேறு விமானமாக இருக்கலாம். ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) எச்சரிக்கை, தரை மோதல் எச்சரிக்கை, காற்று வெட்டு (காற்று திடீரென மாறுவது) எச்சரிக்கை இம்மூன்றும் மட்டும் ஆர்ஏக்கு மேல். டிகாஸ் விசாரிக்கும்போது பதில் அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டர் இல்லாத விமானம் டிகாஸுக்குத் தெரியவே தெரியாது. அங்கே உங்கள் கண்ணும் கன்ட்ரோலரும்தான்.

என் வீட்டு மொட்டை மாடியில் பயிற்சி தருவேன். பிள்ளை நாற்காலியில் கண்ணை மூடி உட்கார, ஒருவர் "கிளைம்ப்" என்பார். அதே நேரம் நான் கன்ட்ரோலர் குரலில் "டிசென்ட் இமீடியட்லி" என்று அதட்டுவேன். கை, விமானத்தை ஏற்றுவதுபோல் பின்னால் இழுக்க வேண்டும், வாய் "டிகாஸ் ஆர்ஏ" என்ற இரண்டு சொல்லுக்குள் நிற்க வேண்டும். நண்பரை வைத்து நீங்களும் செய்து பாருங்கள்; கன்ட்ரோலர் குரலுக்கு "எஸ் சார்" என்று பதில் சொல்லத் தோன்றுவது நிற்கும்வரை விடாதீர்கள், திரும்பச் செய்யுங்கள்.