அடுக்ககத்து முதியவர்களை ஆபத்து வேளையில் வெளியேற்றுவது எப்படி?

ஸ்ரீரங்கம், கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை போன்ற ஊர்களில் பழைய ஓட்டு வீடுகள் இருந்த மனைகள் பலவற்றில் இன்று மூன்று, நான்கு மாடி அடுக்ககங்கள் நிற்கின்றன. கீழே வாகன நிறுத்தம், மேலே போக ஒரே படிக்கட்டு, அதை ஒட்டி ஒரு லிஃப்ட் என்பதே பெரும்பாலும் அவற்றின் அமைப்பு. பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெற்றோர் கோயிலுக்கும் மருத்துவருக்கும் அருகில் இருக்கட்டும் என்று வாங்கிய வீடுகள் அவற்றில் நிறைய உண்டு. நெருப்போ வெள்ளமோ வந்தால் அந்தப் பெரியவர்களைக் கீழே கொண்டுவரப் போகிறவர்கள் எதிர் வீட்டுக்காரரும் காவலாளியும்தான். ஆகவே இந்த வழிமுறை அவர்களுக்காகவே எழுதப்படுகிறது.

முதலில் ஒரு பட்டியல் வேண்டும். எந்த வீட்டில் எந்தப் பெரியவர் இருக்கிறார், அவர் தானாகப் படியிறங்குவாரா, கை கொடுத்தால் இறங்குவாரா, தூக்கித்தான் இறக்க வேண்டுமா, இரவில் காது கேட்கும் கருவியைக் கழற்றி வைப்பவரா, ஆக்சிஜன் உதவியில் இருப்பவரா, மாற்றுச் சாவி யாரிடம் உள்ளது என்பவை அதில் இருக்க வேண்டும். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் அதே கட்டடத்தில் வசிக்கும் இருவரின் பெயர்களை எழுதி, அவர்களின் ஒப்புதலையும் நேரில் பெற வேண்டும். அவ்விருவரில் ஒருவராவது பகலிலும் வீட்டில் இருப்பவராக அமைவது அவசியம். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விடப்பட்டவரைக் கடைசியில் எவருமே பார்ப்பதில்லை. மூட்டுவலியோடு வாழும் ஓய்வூதியரிடம், நல்ல மனிதர் என்பதற்காக, இன்னொருவரைத் தூக்கும் பொறுப்பைத் தருவதும் தவறு. அடுக்ககக் குடியிருப்போர் சங்கங்கள் பலவற்றில் இதுதான் நடக்கிறது. பட்டியலின் ஒரு நகல் சங்கச் செயலாளரிடமும் இன்னொன்று காவலாளியிடமும் இருக்கட்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம். தனியாக இருக்கும் முதியவர்களின் விவரம் திருடனுக்கும் பயன்படும்.

அடுத்தது படிக்கட்டு. வீட்டில் இடமில்லாத பழைய கட்டில், செருப்பு அலமாரி, பூந்தொட்டி, காலி எரிவாயு உருளை எல்லாம் வந்து சேரும் இடமாக அது இருக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்ததை இந்தப் பகுதியில் எவரும் மறக்கவில்லை. இருந்தும் தாம் வாழும் கட்டடத்தின் படிக்கட்டை ஒருமுறை நின்று பார்ப்பவர்கள் குறைவு. மின் மீட்டர் பெட்டியும் மின்சார ஸ்கூட்டருக்கான சார்ஜரும் படிக்கட்டின் அடியில் இருந்தால், கீழே பற்றும் தீயின் புகைக்குப் படிக்கட்டே புகைபோக்கியாகிவிடும். ஸ்கூட்டர் சார்ஜரைத் திறந்த வெளிப் பக்கத்திற்கு மாற்றச் சொல்லிச் சங்கக் கூட்டத்தில் விடாமல் கேட்க வேண்டும். வாசலில் இரும்புக் கிரில் கதவு போட்டிருப்பவர்கள் அதன் சாவியைப் பீரோவுக்குள் வைக்காமல், இருட்டிலும் கைக்கு எட்டும்படி உள்பக்கம் ஓர் ஆணியில் மாட்டி வைக்கட்டும்.

தீ என்று தெரிந்தவுடன் 101 அல்லது 112 எண்ணை அழைத்து, தெரு, கட்டடம், மாடி ஆகியவற்றோடு "நடக்க முடியாத முதியவர் இருக்கிறார்" என்பதையும் சொல்ல வேண்டும். லிஃப்டைத் தொடவே கூடாது. மின்சாரம் நின்றால் அது இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிடும், அதன் குழியிலும் புகை ஏறும். கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கதவு சூடாக இருந்தாலோ படிக்கட்டில் புகை அடர்ந்திருந்தாலோ பெரியவரை வெளியே கொண்டுவராமல் இருப்பதே பெரும்பாலும் பாதுகாப்பு. அப்போது கதவைச் சாத்தி, அடி இடுக்கில் நனைத்த துண்டுகளைத் திணித்து, தெருவைப் பார்த்த அறைக்கோ பால்கனிக்கோ அவரை அழைத்துச் சென்று, வெளிர் நிறத் துணியையோ டார்ச்சையோ காட்டி, தீயணைப்புத் துறையினருக்கு இருக்குமிடத்தைத் தெரிவிக்க வேண்டும். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ள எண்பது வயதுக்காரரைப் புகைக்குள் மூன்று மாடி இறக்குவது துணிச்சலாகத் தோன்றலாம். அது அவரைக் கொன்றுவிடக்கூடும்.

படிக்கட்டு தெளிவாக இருந்தால் உடனே இறங்கலாம். நடப்பவரானால் அவர் கைப்பிடியைப் பற்றிக்கொள்ள, துணை வருபவர் அவரைப் பார்த்தபடி ஒரு படி கீழே நின்று உடன் இறங்க வேண்டும். பக்கவாதத்தால் ஒரு பக்கம் நலிந்தவருக்கு வலுவான கை கைப்பிடியைப் பிடிக்க வேண்டும், நலிந்த கால் முதலில் இறங்க வேண்டும். வாக்கரைப் படியில் பயன்படுத்தக் கூடாது. பின்னால் வருபவர் அதை எடுத்து வரட்டும். நடக்க முடியாதவரைச் சக்கரமில்லாத, முதுகு உயர்ந்த மர நாற்காலியிலோ இரும்பு நாற்காலியிலோ உட்காரவைத்து, இடுப்பையும் மார்பையும் வேட்டியாலோ புடவையாலோ தளர்வின்றிக் கட்டி, முகம் படியிறங்கும் திசையை நோக்கி இருக்குமாறு சற்றே பின்சாய்த்து இறக்க வேண்டும். இருவரில் வலுவானவர் நாற்காலியின் முதுகைப் பிடிக்க, மற்றவர் முன்கால்களைப் பிடிப்பார்; மூன்றாமவர் இருந்தால் கீழே செல்பவரின் முதுகில் கைவைத்துப் படியை எண்ணிச் சொல்லலாம். பிளாஸ்டிக் நாற்காலி கால் மடங்கும், அது வேண்டாம். ஒருவரே இருக்கும் நிலையில், பெரியவரைக் கெட்டியான ஜமக்காளத்தில் படுக்கவைத்து, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் பிடித்துச் சமதளத்தில் இழுத்து, புகையிலிருந்தாவது அப்புறப்படுத்தலாம். இவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இளைஞர் ஒருவரை உட்காரவைத்துப் பழகிப் பார்த்தால், திருப்பத்தில் நாற்காலி இடிக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

மறதி நோய் உள்ளவரிடம் வாதிட வேண்டாம். "வாங்கப்பா, கீழே போகலாம்" என்று அவருக்குப் பழகிய குரலில் குறுகச் சொல்லி, கையைப் பிடித்தால் பெரும்பாலும் வருவார். சிறுநீர்ப் பை மாட்டியிருப்பவருக்குக் குழாய் எதிலும் சிக்காதபடி பையை இடுப்புக்குக் கீழே கட்டிய பிறகே தூக்க வேண்டும். ஆக்சிஜன் இருக்கும் அறையில் விளக்கும் கற்பூரமும் எந்நாளும் ஏற்றக் கூடாது.

ஆற்று வெள்ளமும் புயலும் வேறு வகை. அவை சொல்லிக்கொண்டு வருபவை. மேட்டூர் அணை 120 அடியை எட்டி உபரிநீர் திறக்கப்படும்போது, திருச்சி அருகே முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து கொள்ளிடத்தில் பாயும் வெள்ளத்திற்குக் கரையோரம் முன்கூட்டியே எச்சரிக்கை வரும். அந்த அவகாசத்திலேயே, மின்சாரமும் லிஃப்டும் இயங்கும்போதே, தூக்கி இறக்க வேண்டியவர்களை உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ அனுப்பிவிடுவது நல்லது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலுக்குப் பிறகு நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. மின்சாரம் இல்லையென்றால் லிஃப்ட் மட்டுமல்ல, மேல்தொட்டித் தண்ணீரும் ஆக்சிஜன் செறிவூட்டியும் இல்லை. தண்ணீர் வாகன நிறுத்தத்தில் ஏறிவிட்ட பிறகோ மாடியில் இருப்பவரைக் கீழே இறக்கக் கூடாது. மீட்டர் பெட்டி நனைந்திருந்தால் அந்தத் தண்ணீரில் மின்சாரம் பாயலாம். மேலேயே வைத்துக்கொண்டு 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணை அழைத்துப் படகு கேட்க வேண்டும்.

புறப்படும்போது எடுக்க ஒரு துணிப்பை ஆயத்தமாக இருக்கட்டும்: ஒரு வார மாத்திரை, மருந்துச் சீட்டின் நகல், மூக்குக் கண்ணாடி, பல்செட், காது கருவியின் பேட்டரி. இன்சுலினைக் கிளம்பும் நேரத்தில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வெளியே வந்ததும், வண்டிகள் வராத ஓர் இடத்தில் அவர்களை உட்காரவைத்துப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ண வேண்டும். எவரேனும் குறைந்தால் மீண்டும் உள்ளே ஓடாமல், வீட்டு எண்ணைத் தீயணைப்பு வீரரிடம் சொல்ல வேண்டும். புகையைச் சுவாசித்தவர் நன்றாகப் பேசினாலும் மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரக்கூடும் என்பதால், 108-ஐ அழைத்து மருத்துவரிடம் காட்டிய பிறகே அவரை யார் வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும்.